கான் பார்க்கப் போன கதை

ஒக்டோபர் 9, 2024, புதன். கண்டி

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து நூறு யார் தூரம் நடந்தால் ஏ9 வீதி. அந்த வீதி கண்டியில் போய் முடிகிறது. கண்டிக்காரரைக் கேட்டால் அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். ஐம்பது வயதில் முதல் தடவையாக அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே பஸ்ஸில் கடந்தேன். இடுப்பு இனி இரண்டு நாளைக்குச் சொல்வழி கேட்காது.

போனதற்குக் காரணம் கிணறு. போன மாதம் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று லீற்றருக்கு 68 மில்லிகிராம் என்று வந்தது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை 50. சுண்ணாம்புக் கல்லின்மேல் குடியிருக்கிறவர்கள் நாங்கள். கல்லுக்குள் எத்தனையோ வெடிப்பு. மலக்குழியில் இறங்குவதும் தோட்டத்துக்குப் போட்ட உரமும் அந்த வெடிப்புகளால் ஓடிக் கிணற்றுக்கே வந்து சேரும். இதைப் போனில் புலம்பினேன். கண்டியில் இருக்கும் மனைவியின் அண்ணன், "அழாமல் ஒருக்கா இஞ்ச வா மச்சான். நான் வேலை செய்யிற இடத்தைக் காட்டுறன்" என்றார்.

மச்சான் கன்னொறுவ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பரேட்டர். சொந்தக்காரருக்கு இவ்வளவு நாளும் "தண்ணி சம்பந்தப்பட்ட வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். கலியாணப் பேச்சிலும் அப்படித்தான் போனது. பொய் ஒன்றும் இல்லையே.

மனைவி வரவில்லை. நவராத்திரிக்குக் கும்பம் வைத்திருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. தம்புள்ளையில் பஸ் நின்ற கடையில் பிளேன்டீ 50 ரூபா, மலசலகூடத்துக்கும் 50 ரூபா. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே விலை. மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கடக்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டு, கூடவே மழை. கண்டியில் இறங்கியதும் மச்சான் குடையோடு நின்றார். என் பையை வாங்கியவர் முதலில் கேட்டது, "கிணத்துத் தண்ணியையே குடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

ஒக்டோபர் 10, வியாழன். கண்டி நகரம்

மச்சானுக்கு இரவு வேலை. பகலில் தூங்கினார். நான் தனியே சுற்றினேன்.

கண்டி வாவியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். 1807 இல் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம இராஜசிங்கன் வெட்டத் தொடங்கியது. நாயக்கர் வழி வந்தவன், முந்திய பெயர் கண்ணசாமி. மரத்தடி வாங்குகளில் காதலர்கள், மரத்துக்கு மேலே கொக்குகள். கீழே இருப்பவர்கள் குடை பிடித்தபடிதான் இருக்கிறார்கள், மழைக்காக இல்லை.

வாவி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்தேன். மெத எல என்று ஒரு கால்வாய், நடு ஓடை என்று அர்த்தம். நகரத்துக்குள்ளால் ஓடி மகாவலியில் விழுகிறது. சில இடங்களில் கடைகளின் முதுகு அதன் மேல் குந்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் வடிகாலைக் கான் என்போம். பல வருடமாக இந்தக் கால்வாய் கண்டியின் பெரிய கானாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக் கழிவு, ஹோட்டல் கழிவு எல்லாம் இதற்குள்தான். இன்று பார்த்தபோது தண்ணீர் சாம்பல் நிறம், கரையில் ஒரு உடும்பு. மூக்கைப் பொத்த வேண்டி வரவில்லை, ஆனால் கீழே குனிந்து முகம் கழுவவும் மாட்டேன்.

மத்தியானம் சோறும் மரக்கறியும் 350 ரூபா. பருப்பு, பூசணிக்காய், கங்குங் கீரை, மேலே ஒரு பப்படம். பிறகு மஹியாவப் பக்கம் நடந்தேன். நகரத்தைச் சுத்தம் செய்ய வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணம் என்றதும் இடம் கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் பேப்பரை மடித்தார்.

"எங்கப்பா கக்கூசு வாளி எடுத்தவரு தம்பி. விடிய மூணு மணிக்குப் போயிருவாரு, வெளிச்சம் வந்தா ஆளுங்க பாப்பாங்கனு. வீட்டுக்குப் பின்னால சின்னக் கதவு இருக்கும், அதத் தெறந்து வாளிய மாத்தணும். நாங்க ஸ்கூலுக்குப் போனா பக்கத்துல உக்கார மாட்டாங்க."

"நீங்களும் அந்த வேலையா ஐயா?"

"நான் கூட்டுனேன். ரோடு. பென்சன் வருது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப கன்னொறுவயில மிஷின் பாத்துக்குதாமே. நல்லது" என்றார்.

என் தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். தடுத்தேன், கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் வாளிக் கக்கூசு இருந்தது. எடுத்தவர்களின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வாங்கில் இருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

ஒக்டோபர் 11, வெள்ளி. கன்னொறுவ

மகாவலிக்கு இந்தக் கரையில் பேராதனைப் பூந்தோட்டம், அந்தக் கரையில் கன்னொறுவ. 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கீசப் படையை அடித்து முடித்த இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. இப்போது கண்டியில் குழாய் இணைப்புள்ள வீடுகள், கடைகளின் கழிவுநீர் வந்து சேரும் இடம். 2010 இல் ஜப்பான் கடன் கிடைத்துத் தொடங்கிய திட்டம். ஒரு நாளைக்கு 14,000 கன மீற்றர் சுத்திகரிக்கக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து கன மீற்றர் கொள்ளும் பவுசர் லொறியில் ஏற்றுவதென்றால் 2,800 பவுசர் வேண்டும் என்று மச்சான் கணக்குச் சொன்னார். கேட்காமலே சொல்வார், விருந்தாளி யார் வந்தாலும் சொல்வார் போலிருக்கிறது.

குழாய் மலைநாட்டில் சும்மா ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். இறக்கம்தானே. இறக்கம் முடிகிற பள்ளத்தில் எல்லாம் தேங்கி நிற்கும், அங்கே பம்ப் வைத்து அடுத்த மேட்டுக்கு ஏற்ற வேண்டும். கண்டி ஒரு கிண்ணம் மாதிரி, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டினால்தான் வெளியே.

முதலில் சல்லடைக் கம்பிகள். இந்த இடத்தில் மட்டும்தான் உண்மையாக நாறியது. கம்பியில் மாட்டியிருந்ததை ஒரு பையன் நீளக் கையுறை போட்டுக்கொண்டு வழித்தான். குழந்தைகளின் பம்பர்ஸ், ஷாம்பு பக்கெட், கந்தல், வாழைநார், பிளாஸ்டிக் பொம்மையின் ஒரு கால். அடுத்ததாகக் கட்டிக் கட்டியாக வெள்ளையாக ஏதோ. சீஸ் போல இருந்தது.

"கொழுப்பு" என்றார் மச்சான். "சாப்பாட்டுக் கடையள் கொழுப்புப் பொறி வைக்கோணும், வாரத்துக்கு ஒருக்கா வழிக்கோணும். வழிக்கிறதில்லை. சுடச்சுட எண்ணெயைத் தொட்டியில ஊத்தினா அது குழாய்க்குள்ள போய் இறுகும். நீ நேற்றுத் திண்ட பப்படத்தின்ர எண்ணெயும் இதுக்குள்ள இருக்கும்."

மண் தங்கும் தொட்டியைத் தாண்டியதும் ஒட்சியேற்றக் கால்வாய். குதிரைப் பந்தயத் திடல் போல நீள்வட்டமாக ஒரு கொங்கிரீட் வாய்க்கால். தண்ணீர் அதற்குள் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இயந்திரம் காற்றைக் கலந்துகொண்டே இருக்கிறது. நிறம் நல்ல பால் கோப்பி. மூக்கை நீட்டினேன். புதுமழைக்கு மண் மணக்குமே, அந்த மணம். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மணக்குதா?"

"இல்லை."

"ஊரில போய்ச் சொல்லு."

அழுக்கைத் தின்கிற வேலை முழுக்க நுண்ணுயிர்களுடையது. மனிதர் செய்வது அவற்றுக்கு மூச்சுவிடக் காற்றுக் கொடுப்பது மட்டும்தான், அதற்கே மின்சாரக் கட்டணத்தின் பெரும்பங்கு போய்விடுகிறதாம். பீஓடி என்றொரு அளவு இருக்கிறது. தண்ணீரில் உள்ள அழுக்கை ஐந்து நாள் தின்ன இந்தப் பூச்சிகளுக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவை என்பதுதான் அது. வீட்டுக் கழிவுநீரில் லீற்றருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். இலங்கைச் சட்டப்படி ஆற்றில் விடுவதற்கு 30 ஐத் தாண்டக் கூடாது.

ஆய்வுகூடத்தில் அன்று சரஸ்வதி பூசை ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பம்ப் மோட்டருக்குச் சந்தனப் பொட்டு, அவல், கடலை, வாழைப்பழம். சிங்களப் பையன் ஒருவன் ஒரு செவ்வரத்தம் பூவை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டே திரிந்து, கடைசியில் நுணுக்குக்காட்டியின் மேல் வைத்தான். அந்த நுணுக்குக்காட்டிக்குள் மச்சான் எனக்கு ஒன்று காட்டினார். காம்பில் மணி தொங்குவது போல ஒரு உயிர். திடீரென்று காம்பு சுருள்கம்பி மாதிரிச் சுருங்கி, பிறகு மெல்ல நீள்கிறது. இவை நிறைய இருந்தால் தொட்டி சுகமாக இருக்கிறதாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது கண்ணாடிச் சாடிதான். ஒரு லீற்றர் கொள்ளும் நீளமான அளவுச் சாடியில் அந்தப் பால் கோப்பியை நிரப்பி மேசையில் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். "முப்பது நிமிசம். ஆட்டாதே."

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பால் திரிவது போலச் சிறு சிறு திப்பிகள். திப்பி திப்பியோடு ஒட்டிப் பஞ்சாகிறது. மேலே ஒரு விரல் அளவுக்குத் தெளிவு. அந்தத் தெளிவுக்கும் பழுப்புக்கும் நடுவே நேர் கோடு, கத்தியால் வெட்டியது போல. கோடு இறங்குகிறது. 900, 800. அவல் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன் என்பதே நடுவில்தான் ஞாபகம் வந்தது, நிறுத்தவில்லை. முப்பதாம் நிமிடம் கோடு 420 இல் நின்றது. மச்சான் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒவ்வொரு நாளும் எழுதுகிறார். கோடு இறங்க மறுத்தால் அந்தப் பழுப்புச் சகதி பழுது, அது ஆற்றுக்குப் போய்விடும் என்று நித்திரை வராது என்றார். இருபது வருடப் பழக்கத்தில் இந்த மனிதரை இவ்வளவு மரியாதையோடு நான் பார்த்ததில்லை.

மீதி சுருக்கமாக: சகதி அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீர் குளோரின் குடித்து மகாவலிக்குப் போகும். சகதியில் ஒரு பங்கு திரும்ப வாய்க்காலுக்கு, மிச்சத்தைப் பிழிந்து எடுத்தால் புண்ணாக்கு மாதிரி.

மூன்று மணிக்கு இடியோடு மழை. மச்சானின் போன் அடித்தது, ஓடினார். உள்ளே வரும் தண்ணீர் மளமளவென்று ஏறுகிறதாம். மழைத் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் வரவே கூடாது. ஆனால் சனம் கூரைப் பீலியை மலசலகூடக் குழாயோடு பொருத்தி விடுகிறது, முற்றம் நனையாமல் இருக்கட்டுமாம். அவர் திரும்பி வரும்போது இரவு ஏழு மணி, சட்டை முழுக்க நனைந்திருந்தது. மிச்சமிருந்த கடலையை ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 12, சனி. நுவரெலியா

மச்சானுக்கு லீவு இல்லை. தனியே ரயிலில் நானுஓயா, அங்கிருந்து பஸ். 1,868 மீற்றர் உயரம். ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வந்த யாழ்ப்பாணத்தான் என்று பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும், நடைபாதைக் கடைக்காரர் ஒரு குல்லாவுக்கு 800 சொல்லி 600க்குத் தந்தார்.

கிரகரி வாவி 1873 இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கியது. அன்னப் படகில் பிள்ளைகள் மிதித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஓரத்தில் தண்ணீர் பச்சைப் பசேல் என்று, பெயின்ற் வாளி கவிழ்ந்தது போல. போன கிழமை என்றால் அழகு என்று சொல்லியிருப்பேன். இப்போது மண்டைக்குள் மச்சான் உட்கார்ந்துகொண்டு கதைக்கிறார்: பாசிக்குத் தீனி நைதரசனும் பொசுபரசும், ஒரு பாதி மரக்கறித் தோட்டத்து உரம், மறு பாதி நீங்கள் போன கக்கூஸ்.

தங்கிய விடுதி அறைக்கு 4,500. இராத்திரி பதினொரு மணிக்கு மலசலகூடத்தில் தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தது. அதற்கு மேல் விவரிக்கவில்லை. மனேஜர் தம்பி பதறி ஓடிவந்தார். வேறு அறை இல்லை. "சார், வரவேற்பறை சோபால படுத்துக்கிறீங்களா?" இரண்டு போர்வையும் இஞ்சித் தேத்தண்ணியும் தந்து, அறைக் காசில் பாதியைத் திருப்பியும் தந்தார். குளிரில் குல்லாவோடு படுத்திருந்தேன். 600 ரூபா வீண் போகவில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு. நுவரெலியா, தலவாக்கலை

காலை எட்டு மணிக்குத் தனியார் பவுசர் ஒன்று வந்தது. வாடகை 9,000 என்றார் மனேஜர். முற்றத்துச் சீமெந்து மூடியைப் பெயர்த்ததும் தெரிந்தது, ஒரு குடும்பத்துக்குக் கட்டிய குழி. மேலே இப்போது பதினான்கு அறைகள். ஏப்ரலில் வசந்தகாலக் கூட்டம் வந்தால் கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் வருமாம். இங்கே மண் களி, தண்ணீரை உறிஞ்சாது. குளிரில் நுண்ணுயிர்களும் சோம்பேறி, தின்பது மெதுவாக. எங்கள் ஊரில் நேர்மாறு, கல் ஒரேயடியாகக் குடித்துவிடுகிறது.

பவுசர் டிரைவரிடம் கேட்டேன். "இதக் கொண்டுபோய் எங்க அண்ணே ஊத்துவீங்க?"

"கீழ" என்றார். குழாயைச் சுருட்டினார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தலவாக்கலை பஸ். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பன் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆசிரியர். அவனுடைய அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்திருந்தார். ரொட்டி தடிப்பு, சம்பல் கண்ணில் தண்ணி வரும் உறைப்பு. மூன்று ரொட்டி சாப்பிட்டும் "ஒண்ணும் சாப்பிடலியே" என்று கவலைப்பட்டார்.

பிறகு நண்பன் பீலி காட்டக் கூட்டிக்கொண்டு போனான். எங்களுக்குப் பீலி என்றால் கூரைத் தண்ணீர் ஓடும் தகரம். இங்கே மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் குழாய்வாய், குளிக்கிற இடம். பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்ததால் தூரத்தில் நின்றே பார்த்தோம். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. "அள்ளிக் குடிக்கலாம் போல இருக்கு" என்றேன். நண்பன் மேலே கை காட்டினான். தேயிலைக்கு நடுவே இன்னொரு லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். அதற்கு மேலே இன்னொன்று.

"எங்கம்மா கொதிக்க வைக்காமக் குடிக்க விட மாட்டாங்க."

ஏழு பேர்ச் காணியில் கட்டிய புதிய தனி வீடுகளையும் பார்த்தோம். லயத்தில் பத்துக் குடும்பம் ஒரே வரிசையில் இருந்தவர்களுக்கு இப்போது சொந்தக் கதவு, சொந்த மலசலகூடம். நண்பனுடைய அம்மாவின் தங்கை தன் வீட்டில் கதவைத் திறந்து திறந்து காட்டினார், அவ்வளவு பெருமை. ஆனால் சரிவு சரிவுதானே. மேல் வீட்டின் குழி இருக்கும் மட்டத்துக்குக் கீழே அடுத்த வீட்டின் குசினிக் கூரை. மழை நாளில் குசினிப் பின்சுவர் ஈரமாகிறது என்றார். மேல் வீட்டுக்காரர் மனுசர் நல்லவர், என்ன சொல்வது என்றும் சொன்னார்.

தலவாக்கலை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோட் மின்நிலையத்துக்கான அணை. நான் நேற்றுப் பார்த்த வாவித் தண்ணீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கு வரும். அது மகாவலிக்கு, மகாவலி பேராதனைக்கு. கண்டிக்காரர் அந்த ஆற்றை அள்ளிச் சுத்தம் செய்து குடிக்கிறார்கள், மச்சான் மிச்சத்தைச் சுத்தம் செய்து திரும்ப ஆற்றில் விடுகிறார். கீழே பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பங்கைச் சுரங்கத்துக்குள் திருப்பி உக்குவளைக்கு அனுப்புகிறார்கள், அது வடமத்திய வயல்களுக்குப் போகிறது. தம்புள்ளையில் நான் குடித்த பிளேன்டீ எந்தத் தண்ணீர் என்று யோசிக்கத் தொடங்கியபோது பஸ் வந்துவிட்டது. நல்ல வேளை.

ஒக்டோபர் 14, திங்கள். மீண்டும் ஏ9

விடிய மச்சான் பஸ் நிலையத்துக்கு வந்தார். இரவு வேலை முடிந்து நேரே வந்த முகம். "370" என்றார். என்ன என்று விழித்தேன். "சாடி மச்சான். நேற்றுக் கோடு 370."

பை நிறையக் கரட்டும் லீக்ஸும். மாங்குளம் தாண்டியதும் வெயில், குல்லாவைக் கழற்றினேன்.

ஒக்டோபர் 16, புதன். வீடு

காலையில் அளவு நாடாவை எடுத்தேன். மனைவி கிணற்றுக் கட்டில் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையோடு மலக்குழி மூடிவரை நடந்தேன். சுகாதாரப் பரிசோதகர்கள் 50 அடி வேண்டும் என்பார்கள். 34 அடி இருந்தது.

"வளவே அவ்வளவுதானேப்பா" என்றாள். "இந்தப் பக்கமும் அளந்து பாருங்கோ."

மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் குழி. அங்கே போய் அளக்கக் கேட்கக் கூச்சமாக இருந்தது. மதில் வரைக்கும் நாடாவைப் பிடித்தேன். 19 அடி. அப்பால் எத்தனை என்று தெரியாது, அவர்கள் கோழிக் கூட்டைத் தூக்கி அதன் மேல்தான் வைத்திருக்கிறார்கள்.